மெழுகில் நகர்ந்த பற்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இண்டியானா மாகாணத்தில், லா போர்ட் என்னும் சிறு பட்டணத்தில் பல் சீரமைப்புத் தொழில் நடத்திவந்த ஹெரால்ட் கெஸ்லிங் என்ற வைத்தியர், 1945-ஆம் ஆண்டில் தம் துறையினர் படிக்கும் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரையில், சிகிச்சையின் கடைசிக் கட்டத்துக்கென்று தாம் வகுத்த ஒரு ரப்பர் சாதனத்தை விஸ்தாரமாக விவரித்துவிட்டு, அந்தச் சாதனத்தையே சிறிது சிறிதாக மாற்றி வரிசையாகப் பல செய்து அணிவித்தால் பற்களைப் பெருந்தூரத்துக்கும் நகர்த்திவிடலாம் என்று போகிற போக்கில் சொல்லி வைத்தார். இன்று நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளின் வாசலில்கூட விளம்பரப் பலகையாக நிற்கும் அலைனர் என்ற கழற்றி மாட்டும் பல்லுறை, அணிந்திருப்பவர் வாய் திறந்து பேசினாலும் எதிரில் இருப்பவருக்குத் தெரியாத அந்தப் பளிங்கு உறை, கெஸ்லிங் சொல்லி வைத்த அந்த யோசனையின் விரிவேயன்றி வேறில்லை. ஆயினும் அது கடைக்கு வந்தது 1999-இல்தான். யோசனை பிறந்து, அச்சேறி, துறையினர் எல்லாரும் படித்தும் இருந்த ஒரு காரியம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏன் நடவாமல் கிடந்தது என்பதை விசாரித்தால், அறிவின் குறையால் அன்று, கூலியின் கணக்கால் என்றே விடை கிடைக்கிறது.

பல் நகர்வது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பல்லின் வேர் எலும்புக் குழியோடு நேராக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலமுள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கயிற்றுக் கட்டிலின் பின்னல் படுத்தவரைத் தாங்குவதுபோல அந்த நார்கள் பல்லைத் தாங்குகின்றன. ஒரு பக்கமாக மெல்லிய அழுத்தம் நெடுநேரம் தொடர்ந்தால், அழுந்திய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் கூடி வழிவிட, இழுபட்ட பக்கத்தில் புதிய எலும்பு வளர்ந்து வெற்றிடத்தை நிரப்ப, பல் தன் குழியோடு இடம் பெயர்கிறது. ஸ்வீடன் தேசத்து கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-ஆம் ஆண்டளவில் நாய்களின் பற்களை நகர்த்தி, அவற்றின் தாடையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதை நிரூபித்தார். அழுத்தம் மிகுந்தால் அவ்விடத்து இரத்த ஓட்டம் நின்று திசு மடிகிறது என்பதும், அதனால் பல் விரைந்து செல்லாமல் பல நாள் அசையாமல் நின்றுவிடுகிறது என்பதும் அவர் ஆராய்ச்சியிலேயே வெளிப்பட்டன. ஆக, பல்லைப் பொறுத்தவரை பலத்தைவிடப் பொறுமையே விரைவான வழி. ஒவ்வோர் அடியும் அந்த நார்ப்படலத்தின் அகலத்துக்குள் இருப்பது உத்தமம். இன்றைய அலைனர் ஒவ்வொன்றும் ஒரு பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் அளவே நகர்த்தும்படி செய்யப்படுவது இந்தக் காரணத்தால்தான்.

அழுத்தினால் பல் நகரும் என்ற அனுபவ ஞானம் மட்டும் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், பால்பல் விழுமுன்பே நிலைப்பல் முளைத்துவிட்டால் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதிய பல்லை அது தன் இடத்தை அடையும்வரை நாள்தோறும் விரலால் தள்ளிவரவேண்டும் என்று விதித்திருக்கிறார். அதற்குப் பிறகு ஏறக்குறைய பதினேழு நூற்றாண்டு காலம் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. 1728-இல் பாரிஸ் நகரத்து பியர் ஃபோஷார் வெளியிட்ட இரண்டு பாகங்கள் கொண்ட கிரந்தத்தில்தான் இத்தொழிலுக்கென்று ஒரு கருவி தோன்றுகிறது: பொன்னாலோ வெள்ளியாலோ குதிரை லாட வடிவில் செய்து துளையிட்ட தகடு, கோணலான பற்களை நூலால் அத்தகட்டோடு கட்டினால், நூலின் இழுப்பில் அவை நாளடைவில் வரிசைக்கு வரும். காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு ஃபோஷார் இன்னொரு வழியும் வைத்திருந்தார். பெலிகன் என்ற பிடுங்கும் குறட்டால் பல்லைக் குழிக்குள்ளேயே அசைத்துத் திருகி, ஒரே அமர்வில் நேராக்கி, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிவிடுவது அது. மயக்க மருந்து இல்லாத நூற்றாண்டில் அதற்கும் ஆட்கள் வந்தார்கள் என்பதிலிருந்து, முகத்தழகின் மேல் மனிதருக்குள்ள ஆசை எவ்வளவு தொன்மையானதென்று ஊகித்துக்கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குட்இயர் சகோதரர்கள் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறையைப் பிரசித்தப்படுத்தியபின், அந்தக் கெட்டி ரப்பரால் வாயின் மேலண்ணத்துக்குப் பொருந்தும் தகடு செய்து, அதில் கம்பிச்சுருள் பொருத்திப் பற்களைத் தள்ளும் வழக்கம் வந்தது. அதற்கு வாயின் அச்சு வேண்டும். அந்நாளில் அச்செடுப்பதற்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்து வாய்க்குள் வைத்து, அது இறுகியபின் உடைத்துத் துண்டு துண்டாக வெளியே எடுத்து, மேஜைமேல் வைத்து ஒட்டிச் சேர்ப்பார்கள். இந்தத் தகடுகளை நோயாளி தானே கழற்றலாம், மாட்டலாம். அவற்றின் சௌகரியமும் குறையும் அதுவே.

அந்தக் குறையைச் சற்றும் பொறுக்காதவர் எட்வர்ட் ஆங்கிள். பல் சீரமைப்பைத் தனித்த ஒரு சாஸ்திரமாக ஆக்கிய பெருமை அவருடையது. கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையைக் கொண்டு அவர் 1899-இல் வகுத்த மூன்று வகுப்புகளை இன்றளவும் மாணவர்கள் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். 1900-இல் செயின்ட் லூயி நகரில் அவர் தொடங்கிய பள்ளி, இத்துறைக்கென்றே ஏற்பட்ட முதல் பள்ளி. ஒரு பல்லையும் பிடுங்கலாகாது, முப்பத்திரண்டையும் காப்பாற்றியே வரிசைப்படுத்தவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அவர், அந்தக் காரியத்தை நோயாளியின் சிரத்தையை நம்பி விடுவதில்லை என்பதிலும் அதே பிடிவாதம் காட்டினார். ஒவ்வொரு பல்லையும் உலோகப் பட்டையால் சுற்றிச் சிமெண்டு வைத்து ஒட்டி, பட்டையில் பொருத்திய சிறு பற்றியின் காடியில் கம்பியைச் செலுத்தி முடுக்குவது அவர் முறை. 1928-இல், மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவர் வெளியிட்ட கடைசிக் கருவியின் காடி 0.022 அங்குலத்துக்கு 0.028 அங்குலம்; நம் குழந்தைகள் 'கிளிப்' என்றும் 'கம்பி' என்றும் சொல்லிப் போட்டுக்கொண்டு வரும் சாதனம் பட்டை போய்ப் பசை வந்ததைத் தவிர அதன் நேர் வாரிசுதான், காடியின் அளவுகூட அநேகமாக அதேதான். ஆங்கிளின் கீர்த்தியால் அமெரிக்காவில் கழற்றி மாட்டும் சாதனங்களுக்கு மதிப்புக் குன்றியது. ஐரோப்பாவிலோ, இரண்டு மகாயுத்தங்களுக்கு இடையிலும் பின்னும், பொன்னுக்கும் தேர்ந்த கைகளுக்கும் தட்டுப்பாடு இருந்த நிலையில், கழற்றும் தகடுகளே சாமானிய ஜனங்களின் சிகிச்சையாக நின்றன. ஒரே துறையில் இரு கண்டங்கள் இரண்டு மதங்களைப்போல் பிரிந்திருந்தன என்று சொன்னால் பெரும் மிகையாகாது.

கெஸ்லிங் அமெரிக்க மதத்தைச் சேர்ந்தவர்; கம்பி போட்டே பிழைத்தவர். அவருக்கு இருந்த தொல்லை வேறு. ஒவ்வொரு பல்லையும் பட்டை சுற்றியிருந்தபடியால், சிகிச்சை முடிந்து பட்டைகளைக் கழற்றியதும் பல்லுக்குப் பல் நூலிழை போன்ற சந்துகள் நிற்கும். கம்பி வளைப்பில் நேர்ந்த சிறு பிசகுகளும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இவற்றைத் தீர்க்க அவர் கண்ட யுக்தியைக் கிட்ட நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இன்றைய அலைனரின் கரு அதற்குள்தான் இருக்கிறது. பட்டை கழற்றிய வாயை அச்செடுத்து பிளாஸ்டரில் மாதிரி வார்ப்பார். அந்த மாதிரியிலிருந்து ஒவ்வொரு பல்லையும், பக்கத்துப் பல் சிதையாதபடி, மெல்லிய ரம்பத்தால் அறுத்துப் பிரிப்பார். அறுத்த பற்களுக்கு அடியில் சூடான மெழுகு இட்டு, மாதிரியின் அடிப்பாகத்தில் மறுபடி நட்டு, மெழுகு இளகியிருக்கும்போதே ஒவ்வொன்றையும் விரலால் அசைத்து, சந்தை மூடி, கோணலைத் திருத்தி, மேல்வரிசை கீழ்வரிசையோடு பொருந்தும்படி நிறுத்துவார். நோயாளியின் வாயில் இன்னும் நடவாத ஒரு காரியம் மேஜைமேல் மெழுகில் நடந்து முடிந்துவிடும். அந்தத் திருத்திய மாதிரியின்மேல் ரப்பரை வார்த்து, இரு வரிசைக்கும் சேர்ந்த ஒரே சாதனமாக எடுப்பார். நோயாளி அதைப் பகலில் சில மணி நேரம் கடித்துக் கடித்து விட்டுக்கொண்டும், இரவு முழுதும் வாயில் வைத்துக்கொண்டும் வந்தால், ரப்பரின் நெகிழ்ச்சியில் பற்கள் மெழுகுப் பற்கள் நின்ற இடத்துக்குப் போய்ச் சேரும்.

இதையே வரிசையாகச் செய்தால் என்ன என்று கேட்ட கெஸ்லிங், அதைத் தாமே செய்யவில்லை. நடைமுறைக்கு ஒவ்வாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நமக்கும் தெரியும். ஞானப்பற்களை விட்டுவிட்டால் இரு வரிசையிலும் இருபத்தெட்டுப் பற்கள். இருபது படிகளில் அவற்றை நகர்த்துவதானால் இருபது மாதிரிகள். ஒவ்வொன்றிலும் இருபத்தெட்டுப் பற்களையும் இடம் மாற்றி நட்டால் 560 தடவை மெழுகும் விரலும். அதிலும் கால் மில்லிமீட்டர் நகர்த்துகிறேன் என்று எந்த நிபுணன் விரலும் ஆணையிட்டுச் சொல்லமுடியாது. ஒரே ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்றால், கம்பியை ஒரு முறை குறட்டால் வளைத்து மாதம் ஒரு தரம் முடுக்கிவிடுவது எத்தனையோ மலிவு அல்லவா?

பின்னால் வந்தவர்கள் உறையின் பொருளை மாற்றினார்கள், கணக்கை மாற்றவில்லை. ரப்பருக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. பண்டங்களைப் பொதிய உபயோகமாகும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடேற்றி, காற்றை உறிஞ்சி, மாதிரியின்மேல் தோல்போல் படியவைக்கும் முறையை நியூயார்க்கின் ஹென்றி நஹூம் 1964-இல் பல்லுக்குப் பிரயோகித்தார்; அதே முறையில் ராபர்ட் போனிட்ஸ் 1971-இல், நகர்த்திய பல் விலகாமல் காக்கும் ரிடெய்னரைக் கண்ணுக்குத் தெரியாதபடி செய்து காட்டினார். லூயிசியானாவில் பேராசிரியராக இருந்த ஜாக் ஷெரிடன் 1993-இல் எஸிக்ஸ் என்ற பெயரில் பிரசித்தப்படுத்திய உறை இவற்றுள் மெல்லியது, திடமானது. புதிய மாதிரி செய்யும் செலவுக்கு அஞ்சி அவர் கையாண்ட தந்திரம் ரசிக்கத்தக்கது: சூடேற்றிய குறட்டால் உறையின் ஒரு பக்கத்தில் சிறு குழிவு செய்தால் உட்புறத்தில் ஒரு புடைப்பு உண்டாகிப் பல்லைத் தள்ளும், எதிர்ப்பக்கத்தில் ஜன்னல் வெட்டிவிட்டால் பல்லுக்குப் போக இடம் கிடைக்கும். இடநெருக்கடி உள்ள பற்களின் பக்கங்களைச் சிறிதே சீவி இடம் உண்டாக்கும் வழியையும் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் வகுத்திருந்தார். அதுவும் இன்றைய அலைனர் சிகிச்சையில் அன்றாட வழக்கம். இரண்டொரு முன்பற்களின் சிறு கோணலுக்கு இவ்வளவு போதும். அதற்குமேல் போனால் மறுபடியும் ரம்பம், மெழுகு, மாதிரி.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பல் வைத்தியர்கள் அல்லர் என்பது இந்தச் சரித்திரத்தின் வேடிக்கை. ஜியா சிஷ்டி என்பவர் லாகூரில் வளர்ந்து, நியூயார்க்கில் வங்கித்தொழில் பார்த்து, ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகம் பயின்றுகொண்டிருந்த வாலிபர். வயது வந்தபின் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு, அது கழன்றபின் கொடுத்த பிளாஸ்டிக் ரிடெய்னரைச் சில நாள் போடாமல் விட்டு, திரும்ப மாட்டியபோது விலகியிருந்த பல் பழைய இடத்துக்கு வந்ததைக் கவனித்தார். அணிந்தவர்கள் எத்தனையோ பேர் கண்டதுதான்; ஆனால் ஓர் உறையால் ஒரு சிறு தூரம் நகருமானால் பல உறைகளால் பெருந்தூரம் நகருமே என்ற கேள்வியோடு, அந்தப் பல உறைகளையும் கணிப்பொறி வரைந்து தராதா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டது அவர்தான். கூடப் படித்த கெல்சி வர்த் என்ற பெண்மணியோடும், கணிப்பொறிப் படங்கள் அறிந்த வேறு சிலரோடும் சேர்ந்து 1997-இல் அலைன் டெக்னாலஜி என்ற ஸ்தாபனத்தைக் கலிபோர்னியாவில் தொடங்கினார். 1998-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது; அடுத்த ஆண்டு இன்விசலைன் என்ற பெயரில் விற்பனை ஆரம்பமாயிற்று.

அவர்களுக்கு வேண்டிய கருவி பல் உலகில் இல்லை, வேறோர் உலகில் ஆயத்தமாக இருந்தது. திரவப் பிசினை லேசர் ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கி எந்த வடிவத்தையும் வார்க்கும் முறையை சக் ஹல் என்பவர் 1980-களில் கண்டுபிடித்து, 1986-இல் உரிமை பெற்று, யந்திர உதிரிகளின் மாதிரிக்காக விற்றுக்கொண்டிருந்தார். ஒரே மாதிரியான பொருளை ஆயிரமாயிரமாகச் செய்ய அந்த யந்திரம் உதவாது. அச்சு வார்ப்பே அதற்கு மலிவு. ஆனால் ஒன்றுபோல் ஒன்றில்லாத பொருள்கள் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் அதற்கு நிகரில்லை. மனித வாயைவிட ஒன்றுபோல் ஒன்றில்லாத வஸ்து ஏது? ஆரம்ப நாட்களில் நடந்த வேலை இப்படி: வைத்தியர் எடுத்தனுப்பிய அச்சிலிருந்து பிளாஸ்டர் மாதிரி வார்த்து, அதை வேறு நிறப் பிசினுக்குள் புதைத்து, மேலிருந்து மெல்லிய படலம் படலமாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு படம் பிடித்து, படங்களைக் கணிப்பொறியில் அடுக்கிப் பல் வரிசையை முப்பரிமாணத்தில் எழுப்பினார்கள், மாதிரி அழிந்து உருவம் பிறந்தது. திரையில் பல்லைப் பல்லாகப் பிரித்து, நடுவில் உள்ள படிகளைக் கணிப்பொறியே வகுக்க, ஒவ்வொரு படிக்கும் ஒரு பிசின் மாதிரி வார்த்து, அதன்மேல் முக்கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலியூரிதேன் தாளைச் சூடாக்கிப் படியவைத்து, விளிம்பை வெட்டி, எண் பொறித்து, பையில் இட்டு அனுப்பினார்கள். ரம்பமும் மெழுகும் போய்விட்டன, போகாதது கை. திரையில் பல்லை நகர்த்தவும் பழக்கப்பட்ட ஆட்கள் வேண்டியிருந்தது; அந்த ஆட்களைச் சிஷ்டி தம் லாகூரிலேயே திரட்டினார். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நேர்ந்த அனர்த்தத்துக்குப்பின் அந்த நிலையம் மூடப்பட்டு, வேலை மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகாவுக்குப் போயிற்று. உறை வார்க்கும் வேலை மெக்சிகோ எல்லைப்புறத்து ஹுவாரெஸில் நடந்தது. ஓஹையோவிலோ டெக்ஸாஸிலோ உள்ள ஒருவரின் கோரைப்பல் எவ்வளவு திரும்பவேண்டுமென்று கோஸ்டா ரிகாவின் சான் ஹோசேயில் ஓர் இளைஞன் திரையில் பார்க்க, தொழில் ரகசியம் என்று முன்னொரு காலத்தில் ஆங்கிள் தம் மாணவரிடம் மட்டும் ஒப்படைத்த வித்தை கண்டம் விட்டுக் கண்டம் சென்றது.

துறையினர் முதலில் இதை நம்பவில்லை. வைத்தியம் அறியாதவர்கள் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து விற்கும் சரக்கு என்று இளப்பம் பேசியவர்கள் உண்டு. அவர்களுடைய சந்தேகம் முழுதும் வீண் என்று சொல்வதற்கில்லை. பல்லை மேலிருந்து மூடும் வழுவழுப்பான உறை, பல்லைச் சாய்ப்பதில் வல்லது. உருண்டையான கோரைப்பல்லையும் முன்கடைவாய்ப்பல்லையும் அச்சிலே திருப்புவதற்கும், பல்லை வெளிநோக்கி இழுப்பதற்கும் அதற்குப் பிடிப்பு இல்லை. அந்தப் பிடிப்புக்காகவே பல்லின்மேல் பல் நிறத்துப் பசையால் சிறு மேடுகள் ஒட்டும் வழக்கம் வந்தது. ஆங்கிளின் பற்றிகள் வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, திரையில் திட்டமிட்ட நகர்வில் முன்பற்கள் உண்மையில் நகர்ந்தது சராசரி 41 சதவிகிதமே என்று கண்டது. பொருளும் மேடுகளும் எவ்வளவோ திருந்தியபின் 2020-இல் அதே வழியில் எல்லாப் பற்களையும் அளந்தபோது அது 50 சதவிகிதம் ஆகியிருந்தது. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்தால்தான் இவ்வளவும்; சாப்பிடக் கழற்றியவர் காகிதத்தில் சுற்றி மேஜைமேல் வைத்து, இலையோடு சேர்த்து எறிந்துவிட்ட கதைகள் எல்லாப் பல் மருத்துவமனைகளிலும் உண்டு.

வியாபாரத்தின் கதையைச் சுருக்கிவிடலாம். தாம் நிறுவிய ஸ்தாபனத்தை விட்டு விலகிய சிஷ்டி, 2005-இல் ஆர்த்தோகிளியர் என்ற போட்டி ஸ்தாபனத்தைத் தொடங்கி மறுபடியும் லாகூரில் ஆட்களை வைத்தார். உரிமை வழக்குகள் மூண்டு, 2006-இல் இரண்டு கோடி டாலருக்கு அதன் உரிமைகளைப் பழைய ஸ்தாபனமே வாங்கிக்கொண்டது. 2017 முதல் முக்கிய உரிமைகள் காலாவதியாகத் தொடங்கவே, பல தேசங்களிலும் புதிய ஸ்தாபனங்கள் முளைத்தன. வைத்தியரை நேரில் பாராமலே, தபாலில் வரும் பொட்டலத்தைக் கொண்டு தானே அச்செடுத்து அனுப்பி உறை பெறலாம் என்று 2014-இல் புறப்பட்ட ஸ்மைல்டைரக்ட்கிளப், 2023 டிசம்பரில் கதவை மூடியபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். எலும்பும் ஈறும் எப்படி இருக்கின்றன என்று பாராமல் பல்லை நகர்த்துவது தகாதென்று பல் சீரமைப்பு நிபுணர் சங்கங்கள் முன்பே சொல்லிவந்தன.

அச்செடுக்கும் தொந்தரவும் இப்போது பெரும்பாலும் ஒழிந்தது; பேனா பருமனைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவியை வாய்க்குள் செலுத்தினால் சில நிமிஷங்களில் பல் வரிசை திரையில் எழுகிறது. உறைக்கு ஒரு மாதிரி வார்த்து, உறையை எடுத்ததும் அந்த மாதிரியை எறியும் விரயத்தை ஒழிக்க, உறையையே நேரடியாகப் பிசினில் அச்சிடும் முயற்சிகள் நடக்கின்றன. அதற்கென்றே ஆஸ்திரிய தேசத்து ஸ்தாபனம் ஒன்றை 2024-இல் அலைன் வாங்கிற்று. இத்தனைக்கும் பிறகு, கடைசி உறையைக் கழற்றும்போது திரையில் கண்ட வரிசையும் கண்ணாடியில் காணும் வரிசையும் ஒன்றாயிருப்பது அபூர்வம். அப்போது வாயை மறுபடி படம் பிடித்து, எஞ்சிய கோணலுக்கு இன்னொரு தொகுதி உறைகள் செய்கிறார்கள். கெஸ்லிங் ஒரு தொகுதிக்கே கூலி கட்டாதென்று கைவிட்ட வேலை அது. இன்று அநேக ஸ்தாபனங்கள் அந்த இரண்டாம் தொகுதியை, சில சமயம் மூன்றாவதையும், முதலில் வாங்கிய கட்டணத்திலேயே அடக்கிவிடுகின்றன.